நான் விடுதலை வாங்கிக் கொடுத்த தீவு

கைதட்டினால் எனக்குப் புத்தி கெட்டுவிடும். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். சிலருக்குச் சாராயம், சிலருக்குச் சீட்டு. எனக்கு எதிரே நாலு பேர் கை தட்டினால் போதும், வீட்டு ரகசியமெல்லாம் தெருவுக்கு வந்துவிடும்.

எண்பதுகளின் நடுவில் திருவண்ணாமலையில் தாலுகா ஆபீஸ் குமாஸ்தாவாக இருந்தேன். கல்யாணமாகி இரண்டு வருஷம். என் மனைவி வசந்தா கேட்டது ஒன்றே ஒன்றுதான். எங்கள் வீட்டுப் பின்கட்டில் காலியாகக் கிடந்த போர்ஷனில் தனியாகச் சமைத்துக்கொள்ள வேண்டும். அதை அம்மாவிடம் கேட்க எனக்குத் துணிச்சல் இல்லை. "தீபம் போகட்டும், பேசறேன்" என்று தள்ளிக்கொண்டே வந்தேன். (தீபம் வருஷா வருஷம் வரும் என்பது வசந்தாவுக்கும் தெரியும்.)

அந்தச் சமயத்தில்தான் எங்கள் தெரு வாசகர் மன்றம் பட்டிமன்றம் வைத்தது. முந்தைய வருஷம் உள்ளூர் அரசியலைத் தலைப்பாகக் கொடுத்து ஏழு நாற்காலி உடைந்திருந்தது. அதனால் இந்த முறை யாருக்கும் மாமன் மச்சான் இல்லாத ஊராகப் பார்த்துப் பிடித்தார்கள். பசிபிக் கடலில் பிரான்சின் கையில் இருக்கும் நியூ கலிடோனியா தீவு. விடுதலை வேண்டும் என்று மண்ணின் மக்கள் ஒரு பக்கம், பிரான்சோடுதான் இருப்போம் என்று குடியேறியவர்கள் ஒரு பக்கம். அவர்களுக்கு அது உயிர்ப் பிரச்சினை. எனக்குப் பத்து நிமிஷப் பேச்சு. நான் விடுதலை அணி.

அம்மா பக்கத்து வீட்டு ராஜம்மா அக்காவைக் கூட்டிக்கொண்டு முன்வரிசையில் பெருமையாக உட்கார்ந்திருந்தாள். தீவில் நிக்கல் கிடைக்கிறது, லாபமெல்லாம் வெளியே போகிறது என்று நான் படித்து வைத்திருந்ததெல்லாம் மூன்றாவது நிமிஷத்திலேயே தீர்ந்துபோனது. கூட்டம் கொட்டாவி விட்டது. நம் ஊர்ப் பட்டிமன்றத்தில் எந்தத் தலைப்பும் கடைசியில் மாமியார் மருமகளிடம் வந்துதான் நிற்கும். நானும் அந்தப் பக்கம் திரும்பினேன்.

"தாய்நாடு பாசமா பாத்துக்குதுன்னு எதிரணி சொல்றாங்க. புள்ளைக்குக் கல்யாணம் ஆனப்புறமும் சர்க்கரை டப்பாவைப் பீரோவுல வச்சுப் பூட்டி, சாவியை இடுப்புல சொருகிக்கிறது பாசமாங்க?"

கைதட்டல்.

"மருமக ஒரு காபி போடணும்னா பாரிசுக்குப் போய் சாவி கேக்கணுமாங்க?"

விசில். அவ்வளவுதான், நான் நிலைகொள்ளவில்லை. குழம்புக்கு உப்பு அளப்பது, ஞாயிற்றுக்கிழமை மேட்னி ஷோவுக்கு அனுமதி கேட்பது என்று ஒன்றையும் விடவில்லை. ராஜம்மா அக்கா மெல்லத் திரும்பி அம்மாவின் இடுப்பைப் பார்த்தாள். அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். நடுவர் தீவுக்கு விடுதலை என்று தீர்ப்புச் சொல்லி, எனக்கு ஒரு எவர்சில்வர் தூக்கைப் பரிசாகக் கொடுத்தார். அம்மாவும் கை தட்டினாள்.

மறுநாள் காலை பின்கட்டு போர்ஷன் கழுவிக் கோலம் போட்டிருந்தது. உள்ளே மண்ணெண்ணெய் ஸ்டவ், அரிசி, பருப்பு, புதுச் சர்க்கரை டப்பா.

"விடுதலை குடுத்துட்டேன்" என்றாள் அம்மா.

"நான் தீவைப் பத்திதாம்மா பேசினேன்."

"அந்தத் தீவுல எவடா சர்க்கரை டப்பாவைப் பூட்டி வக்கிறா?"

அழுகை வரும்போல இருந்தது. துணைக்கு வசந்தாவைப் பார்த்தேன். அவள் அதற்குள் ஸ்டவ்வைப் பற்றவைத்திருந்தாள்.

அம்மா அவள் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினாள். "ரெண்டு வருஷமா எல்லாருக்கும் வடிச்சுக் கொட்டி என் இடுப்பு ஒடிஞ்சு போச்சும்மா. நானா தனியா போங்கன்னா ஊரு என்னைத்தான் பேசும். அதான் வாயை மூடிக்கினு இருந்தேன். நல்லவேளை, இவனே மைக்குல கேட்டுட்டான்."

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை மேட்னிக்கு மாமியாரும் மருமகளும் சேர்ந்தே போனார்கள். நான் வீட்டில் ரசம் வைத்தேன். சந்தோஷமாகத்தான் வைத்தேன். இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாராவது ஒன்றைக் கேட்கத் தயங்கினால், "அப்பா கையில மைக்கைக் குடு" என்கிறார்கள்.

அந்தத் தீவில் முப்பது வருஷத்துக்கு மேல் கழித்து அடுத்தடுத்து மூன்று தடவை வாக்கெடுப்பு நடந்தது. மூன்றிலும் பிரான்சோடு இருப்பது என்றே முடிவு வந்தது. கடைசி முடிவைப் பேப்பரில் பார்த்துவிட்டு என் மகள் சத்தமாகப் படித்துக் காட்டினாள். தொண்ணூறை நெருங்கிக்கொண்டிருந்த அம்மா வெற்றிலையை மென்றபடி முழுவதையும் கேட்டாள்.

"பாவம்" என்றாள். "அதுங்களுக்கு இவன மாதிரி ஒரு புள்ள இல்ல போல கீது."