எட்டு வயது அப்பாவுக்கு ஒரு சம்மதம்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் அவரவர் மாத்திரைகளோடு சௌக்கியம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் சௌக்கியம் என்று, போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் "நல்லா இருக்கோம்பா, அப்புறம் பேசறேன்" என்று சொன்னதை வைத்து நம்புகிறேன். அந்த அப்புறம் இன்னும் வரவில்லை. அதைக் கேட்பதற்காக இந்தக் கடிதம் இல்லை.

விஷயம் இதுதான். நீ எனக்கு அம்மாவாக இருந்து சம்மதம் தர வேண்டும். பதறாதே, எனக்கு மூளை சரியாகத்தான் இருக்கிறது.

கம்ப்யூட்டரில் ஒரு தீவும் அதைச் சுற்றிப் படகுகளுமாக நாம் விளையாடிய படகு விளையாட்டு உனக்கு ஞாபகம் இருக்கும். நான் நாளெல்லாம் பம்பு மோட்டாரோடு மல்லுக்கட்டிவிட்டு வந்தால் கிரீஸ் கையைக்கூடக் கழுவ விடாமல் கம்ப்யூட்டர் முன்னால் இழுத்து உட்கார வைப்பாய். "இது சின்னப் பிள்ளைங்களுக்குப்பா, பெரியவங்கன்னு சொன்னா உள்ளயே விடமாட்டான்" என்று சொல்லி, என் வயதை எட்டு என்று நீதான் போட்டாய். உனக்குப் பத்து. ஏன் எட்டு என்று கேட்டேன். "என்னை விடச் சின்னவனா இருந்தாத்தான் நான் சொல்றதக் கேப்ப" என்றாய். கேட்டேன். அந்த விளையாட்டுக்குப் பிறந்த வருஷம் தெரியாது, வயது மட்டும்தான் தெரியும். அதனால் நீ பிள்ளை பெற்ற பிறகும் அங்கே உனக்குப் பத்து, எனக்குத் தலைமுடி நரைத்து, நரைத்ததும் கொட்டிய பிறகும் எட்டு.

இப்போது குழந்தைகளின் விவரங்களைக் காப்பாற்றப் புதுச் சட்டம் வந்திருக்கிறதாம். வயதை விசாரிக்காமல், பெற்றவர்களைக் கேட்காமல் எந்தக் குழந்தையின் விவரத்தையும் கம்பெனிக்காரன் வைத்திருக்கக் கூடாது. நல்லதுதான். ஆனால் பழைய விளையாட்டுக்கெல்லாம் புதுப் பூட்டுப் போடுவதற்குப் பதிலாக, அவற்றைக் கடையிலிருந்தே எடுத்துவிட்டார்கள். இந்தக் கம்ப்யூட்டர் படுத்துவிட்டால் என்ன செய்வது என்று இன்னொரு பிரதி வாங்கப் போனேன். தெருமுனைக் கம்ப்யூட்டர் கடைக்காரர் சிரிக்கிறார்: "அதையெல்லாம் எப்பவோ தூக்கிட்டாங்க பெரியவரே. பூட்டுப் போட ஆகற செலவுக்கு அதுல என்ன வருமானம் வரப்போகுது?" ஏற்கெனவே வாங்கியவர்கள் விளையாடலாம். ஆனால் மாதக் கடைசிக்குள் பெற்றோர் சம்மதம் வராத குழந்தைகளின் கணக்கு அழிக்கப்படும் என்று எனக்குக் கடிதம் வந்தது. "அன்புச் சிறுவனே" என்று ஆரம்பித்திருந்தது.

விடுவேனா, போன் போட்டேன். ஒரு பெண் எடுத்தாள். "குழந்தையோட அப்பா பேசறீங்களா சார்?"

"இல்லம்மா, குழந்தையே பேசறேன்."

"மன்னிச்சுக்கோங்க, அப்பா அம்மா பக்கத்துல இல்லாம குழந்தைங்ககிட்ட நாங்க பேசக் கூடாது" என்று வைத்துவிட்டாள். என் அப்பா அம்மாவை நான் எங்கே போய்க் கூட்டிவருவது?

மறுபடி போட்டேன். இந்தத் தடவை எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையான பெண்தான். "வயசைத் திருத்திக்கலாமே சார்?"

"திருத்தினா?"

"பெரியவங்க கணக்கு அந்தத் தீவுக்குள்ள போகாது. அங்க இருக்கறது எல்லாம் குழந்தைங்க."

"அங்க இருக்கற குழந்தை என் பொண்ணுமா. அதுக்கே ஒரு பொண்ணு இருக்கு."

"எங்களுக்கு அது பத்து வயசுப் பிள்ளை சார். எழுபது வயசுக்காரர் ஒருத்தர் வாரா வாரம் அந்தப் பிள்ளையோட தீவுல என்ன பண்றார்னு நாங்க கேக்க வேணாமா?"

கேட்கத்தான் வேண்டும். உனக்குப் பத்து வயது இருந்தபோது இப்படி ஒருத்தி கேட்டிருந்தால் அவளைக் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன். நியாயமான சட்டத்தோடு சண்டை போடுவதைப் போலத் தொல்லை வேறில்லை. எந்தப் பக்கம் திரும்பித் திட்டினாலும் நம் மேலேயே வந்து விழுகிறது.

என்ன செய்கிறேன் என்று அவளுக்குச் சொன்னதை உனக்கும் சொல்லிவிடுகிறேன். ஆளில்லாத படகில் வாரத்துக்கு ஒரு முறை பாசி பிடிக்கும். பக்கத்துப் படகுக்காரன் சுரண்டாவிட்டால் படகு மெல்ல மெல்ல மூழ்கிவிடும். பரீட்சை என்று நீ விளையாட்டை விட்டாயே, அன்று கலங்கரை விளக்கத்துக்குக் கீழே என் படகோடு சேர்த்து உன் படகைக் கட்டிவிட்டுப் போனாய். இன்றுவரை அது மிதக்கிறது. உன் அம்மா இடித்துக்காட்டுகிறாள்: "ஊர்ல இருக்கற ஆம்பளைங்க செடிக்குத் தண்ணி ஊத்தறாங்க. இவரு இல்லாத படகுக்குப் பாசி எடுக்கறாரு!" சொல்லட்டும். என் கணக்கு போனால் சுரண்ட ஆளில்லை, அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

உன் கணக்குக்கு நான் சம்மதம் கொடுத்துவிட்டேன். உறவு என்ற இடத்தில் "தந்தை" என்று அழுத்தினேன். இதற்கு முன்னால் உனக்குக் கடைசியாக எதற்குச் சம்மதம் சொன்னேன் என்று யோசித்துப் பார்த்தேன். நீ வெளிநாடு போவதற்கு.

என் கணக்குக்கு இரண்டு வழி. அவர்கள் உனக்கு ஒரு இணைப்பு அனுப்புவார்கள், அதைத் திறந்து முகத்தைக் காட்டி "தாய்" என்று அழுத்தினால் முடிந்தது. இல்லையென்றால் விளையாட்டு இருக்கிற கம்ப்யூட்டர் முன்னாலேயே உட்கார்ந்து முகம் காட்டலாம். இயந்திரம் பார்ப்பதெல்லாம் முகம் பெரியவர்களுடையதா என்பதை மட்டும்தான். முதல் வழியே போதும். நீ லீவு போட்டுப் புறப்பட்டு வர வேண்டிய அவசியமே இல்லை. போன வருஷமும் அதற்கு முந்தின வருஷமும் வர முடியவில்லை, வேலை அப்படி, எனக்குப் புரியாதா? இருந்த இடத்திலிருந்தே அழுத்திவிடு, போதும்.

மாப்பிள்ளைக்கு என் விசாரிப்புகள். பேத்திக்கு ஆயிரம் முத்தங்கள். அவளிடம் யார் வயதைக் கேட்டாலும் உன்னைக் கேட்காமல் சொல்லக் கூடாது என்று சொல்லிவை. எல்லோரும் குறையில்லாமல் நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு, உன் சொல் தட்டாத,
அப்பா

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போடப் போகும்போது உன் அம்மா எனக்குத் தெரியாமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, முகத்தைக் காட்டி, "தாய்" என்று அழுத்திவிட்டாள். ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். "வேலை முடிஞ்சுது, இனிமே அவள நச்சரிக்காதீங்க" என்றாள். நான் உடனே கம்பெனிக்கு எழுதி அதை ரத்து செய்யச் சொல்லிவிட்டேன். உனக்கு இணைப்பு அனுப்ப வேண்டாம், என் தாயார் நேரிலேயே வருகிறார் என்றும் எழுதிவிட்டேன். மாதக் கடைசிக்குள் வந்தால் போதும். இந்த வாரப் பாசியை நான் எடுக்கவில்லை. உனக்காக விட்டுவைத்திருக்கிறேன்.