கடன்காரன் ஏற்றிய குத்துவிளக்கு

கடன்பட்டவன் இரண்டு விதச் சட்டை வைத்திருக்க வேண்டும். கடன் கேட்கப் போகும்போது போட ஒன்று, கட்ட முடியவில்லை என்று சொல்லப் போகும்போது போட ஒன்று. இதை எந்த பேங்கிலும் சொல்லித் தருவதில்லை. நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

திருவிடைமருதூர் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் நிலம். அது போதாதென்று நடவு மெஷின் ஒன்றைக் கடனில் வாங்கி வாடகைக்கு விட்டேன். ஊரில் பாதிப் பேர் சொந்தக்காரர்கள். அவர்களிடம் வாடகை கேட்க முடியாது. மீதிப் பேர் எனக்கு ஆகாதவர்கள். அவர்கள் என் மெஷினை வயலில் இறக்கவே விடமாட்டார்கள். (வாங்குமுன் இந்தக் கணக்கைப் போட்டிருக்கலாம். மெஷினின் சிவப்பு நிறம் கண்ணை மறைத்துவிட்டது.) வட்டி மட்டும் உறவு, பகை எதையும் பார்க்காமல் ஏறியது.

கடைசியில் பேங்க் மேனேஜர் சமரசத்துக்கு இறங்கி வந்தார். வட்டியில் பெரும்பகுதி தள்ளுபடி, மீதியைத் தவணையில் கட்டினால் போதும். பட்டன் அறுந்த சட்டையோடு அவர் முன்னால் உட்கார்ந்து, அடுத்த போகத்துக்கு விதைநெல் வாங்கவே வழியில்லை என்று சொன்னேன். அதில் பாதி உண்மை, பாதி சட்டை. ஆறு அறுவடைக்கு ஆறு தவணை என்று பேச்சு முடிந்தது. மேலிடத்து அனுமதி வந்ததும் கையெழுத்துப் போடலாம் என்றார்.

அன்று சாயங்காலமே என் மனைவி செல்வியின் தம்பி சேகர் வந்து சேர்ந்தான். கும்பகோணத்தில் ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்ப்பவன்.

"அத்தான், கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி கடன் இல்லாத வேற பேங்க்ல ஒரு கணக்கு தொடங்கிடுங்க. சம்பா நெல்லுப் பணம் இந்தக் கணக்குல விழுந்துச்சுன்னா, பழைய பாக்கிக்குன்னு மொத்தமா எடுத்துக்கிட்டாலும் எடுத்துக்குவாங்க. அப்புறம் விதைக்கு எங்க போவீங்க?"

இதில் தப்பே இல்லை என்று அவன் சட்டமெல்லாம் சொன்னான். எனக்கென்னவோ திருடப் போகிறவனின் படபடப்பு. உள்ளூரில் கணக்குத் தொடங்கினால் டீ ஆறுவதற்குள் ஊருக்கே தெரிந்துவிடும். மயிலாடுதுறையில் புதிதாக ஒரு பேங்க் போர்டு மாட்டியிருக்கிறது, ஆள் பிடிக்க அலைகிறார்கள், அதிகம் கேள்வி கேட்க மாட்டார்கள் என்றான் சேகர். சரி என்றேன்.

இந்த இடத்தில் என் புத்தி சொந்தமாக வேலை செய்தது. நாற்று விடவே நாள் பார்க்கிறவன் நான். பணம் வந்து விழப் போகிற கணக்கைக் கண்ட நாளில் தொடங்கலாமா? காலண்டரைப் பார்த்து, வளர்பிறை முகூர்த்தத்தில் ஒரு நல்ல நேரத்தைப் பிடித்தேன். நல்ல நாளில் கிழிசலோடு போகக்கூடாது என்று செல்வி கஞ்சி போட்ட வெள்ளை வேட்டி சட்டையை எடுத்துக் கொடுத்தாள். சேகர் தன் கல்யாண வாட்சைக் கழற்றிக் கட்டிவிட்டான். கண்ணாடியில் பார்த்தபோது எனக்கே என்னிடம் கடன் கேட்கத் தோன்றியது.

புது பேங்க்காரர்கள் வீட்டிலும் காலண்டர் தொங்கும் என்பது மட்டும் எனக்குத் தோன்றவில்லை.

வாசலில் வாழைமரம் கட்டியிருந்தது. உள்ளே நாதஸ்வரம் ஒலித்தது. புது பேங்க் என்றால் இப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டே படியேறினேன். ஒரு பெண் பன்னீர் தெளித்து, சந்தனம் கொடுத்து, கல்கண்டு நீட்டினாள். கிளையின் இளம் மேனேஜர் என்னை வேட்டிக் கரையிலிருந்து வாட்ச் வரை ஒருமுறை பார்த்தார். பிறகு கையைப் பிடித்தவர் விடவேயில்லை. இன்றுதான் திறப்பு விழாவாம், இப்போதுதான் நேரமாம், முதல் வாடிக்கையாளர் நான்தானாம். எனக்குச் சால்வை போர்த்தி, டெல்டாவின் முன்னோடி விவசாயி என்று மைக்கில் அறிவித்தார். கையில் மெழுகுவர்த்தியைக் கொடுத்துக் குத்துவிளக்கை ஏற்றச் சொன்னார்.

ஒரு திரியை ஏற்றிவிட்டு, மெழுகுவர்த்தியை அடுத்த பிரமுகரிடம் கொடுக்கத் திரும்பினேன். கையை நீட்டியபடி நின்றவர் என் கடன்கார பேங்கின் மேனேஜர். அவருக்கு வீடு மயிலாடுதுறையில், அதுவும் அதே தெருவில். எதிர்வீட்டுப் பெரிய மனிதர் என்று விழாவுக்கு அழைத்திருக்கிறார்கள். அவர் சால்வையைப் பார்த்தார், வாட்சைப் பார்த்தார், வணக்கம் என்றார். நான் ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்த திரியை இன்னொரு முறை ஏற்றினேன்.

அத்தோடு வாயை மூடிக்கொண்டு வந்திருந்தால் பிழைத்திருப்பேன். சேமிப்பைப் பற்றி இரண்டு வார்த்தை என்று மைக்கைக் கொடுத்துவிட்டார்கள். முன்வரிசையில் அவர். பணத்தை ஒளிக்க வந்தவன் என்று நினைத்துச் சமரசத்தையே ரத்து செய்துவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில், அவர் முகத்தைப் பார்த்தே பேசினேன்.

"சேமிப்பெல்லாம் அப்புறங்க. முதல்ல கடனை அடைக்கணும். அறுவடை முடிஞ்ச கையோட கொண்டுபோய்க் கட்டுறவன்தான் விவசாயி. தவணை தவணைன்னு இழுக்குறவன் விவசாயியே இல்லைங்க."

நல்ல கைதட்டல். அதிக நேரம் தட்டியவர் அவர்தான்.

சமரசத்தில் கையெழுத்துப் போடக் கூப்பிட்டபோது பழைய சட்டையைத் தேடினேன். செல்வி பட்டன் தைத்து வைத்திருந்தாள். அதை அறுத்துவிட்டுப் போனேன்.

"வேற பேங்க்ல கணக்கு தொடங்குனதுல தப்பே இல்லைங்க. சமரசத்துக்கு வர்றவங்க எல்லாரும் செய்யறதுதான்," என்றார் மேனேஜர். "நானே சொல்லியிருப்பேன். இந்த சேர்ல உக்காந்துகிட்டு அதைச் சொல்ல முடியாது."

போன உயிர் திரும்பி வந்தது. அவர் காகிதத்தை என் பக்கம் திருப்பினார்.

"ஆனா உங்க பேச்சைக் கேட்டப்புறம் ஆறு தவணைன்னு எழுத மனசு வரலைங்க. ரெண்டுன்னு போட்டு அனுப்பிட்டேன். அனுமதியும் வந்துருச்சு."

மாற்றச் சொல்லலாம்தான். தவணை கேட்கிறவன் விவசாயியே இல்லை என்று சொன்னவன் எந்த வாயால் கேட்பது? போட்டேன் கையெழுத்து. சம்பா நெல்லுப் பணம் புதுக் கணக்கில் பத்திரமாக வந்து விழுந்தது. யாரும் அதைத் தொடவில்லை. நானே போய் எடுத்து, பஸ் ஏறி, பழைய பேங்கில் கொண்டுபோய்க் கட்டினேன். விதைநெல்லுக்குச் செல்வியின் வளையல் அடகுக்குப் போனது. இந்தக் கதையில் அந்த ஒரு இடத்தில் மட்டும் எனக்கு இன்னும் சிரிப்பு வருவதில்லை.

கடன் அடைந்து, வளையலும் திரும்பிவிட்டது. போன மாதம் என் மகளுக்கு நிச்சயதார்த்தம். பெண்ணின் அப்பா இரண்டு வார்த்தை பேசட்டும் என்று சம்பந்தி மைக்கை நீட்டினார். என் கைக்கு வருமுன் செல்வி அதை வாங்கிக்கொண்டாள்.

"அவங்க பேச வேணாங்க. ரெண்டு வார்த்தை பேசுனா எங்களுக்கு நாலு தவணை போயிடும்."

சம்பந்தி வீட்டாருக்கு ஒன்றும் புரியவில்லை. சேகர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, ஆரம்பத்திலிருந்து சொல்லத் தொடங்கினான்.