அம்மா இழுத்தார், நான் தைத்தேன்

நடந்தது இவ்வளவுதான்:

1. தங்கையின் த்ரோபால் அணிக்கு நான் ஜெர்சி தைத்தேன்.
2. தைக்கும்போது துணியை அம்மா இழுத்துப் பிடித்தார்.
3. ஜெர்சியின் ஓரமெல்லாம் நெளிந்தது.
4. அணி தோற்றது.

எங்கள் வீட்டில் யார் இந்தக் கதையைச் சொன்னாலும் இரண்டாவதை விட்டுவிடுகிறார்கள். கேட்டால், "அதுவா முக்கியம்?" என்கிறார்கள். அதுதான் முக்கியம். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் ஓசூரில் வாகன உதிரிபாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரப் பிரிவில் இருக்கிறேன். மயிரிழை பிசகினாலும் திருப்பி அனுப்பிவிடுவேன். (என் தலை தெரிந்தாலே சிலர் டீ குடிக்கப் போய்விடுவார்கள்.) வீட்டில் சுடிதார், ஜன்னல் திரை, தலையணை உறை எல்லாம் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல் தைத்துப் பெயர் வாங்கியவள். தங்கை ஷீபா என்னிடம் வந்ததில் அதிசயம் ஒன்றுமில்லை.

"கடையில எல்லாம் ஆம்பள சைஸுதான்க்கா இருக்குது. தொளதொளன்னு தொங்குது. பந்து ஒடம்புல பட்டாலும் ஃபவுலு, சட்டையில பட்டாலும் ஃபவுலு. நீ கச்சிதமா தச்சுக் குடேன்."

ஷீபா அணித்தலைவி. எங்கள் பங்குக் கோயில் இளைஞர்கள் வருடாவருடம் நடத்தும் போட்டியில், கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கத்து அணியிடம் இறுதி ஆட்டத்தில் தோற்பதே அவளுக்கு வழக்கமாகியிருந்தது. ஜெயிக்கிற அணி பெங்களூரில் நடக்கும் பெரிய போட்டிக்குப் போகும். அடுத்த வருடம் அவளுக்கு வயது வரம்பு தாண்டிவிடும். இந்த முறை விட்டால் விட்டதுதான்.

பனியன் துணி வாங்கி வந்தேன். மெஷினில் வைத்ததும் அது பாம்புபோல் வழுக்கிக்கொண்டு ஓடியது. எங்கள் தொழிற்சாலையில் ஆடுகிற பொருளை முதலில் இறுக்கிப் பிடிக்க வேண்டும், பிறகுதான் வேலை. அங்கே இறுக்கிப் பிடிக்கக் கருவி இருக்கிறது. வீட்டில் அம்மா இருந்தார்.

"அந்தப் பக்கம் நின்னு நல்லா இழுத்துப் புடிம்மா."

"கிழிஞ்சிடப் போவுதுடி."

"அதெல்லாம் கிழியாது. இழு!"

இழுத்தார். (காவேரிப்பட்டணத்தில் மாடுகளோடு வளர்ந்தவர். அந்தப் பிடிக்கு மாடே நிற்கும்.) என் பக்கம் நானும் இழுத்தேன். ஊசி, நூல் பிடித்ததுபோல் நேராக ஓடியது. இழுத்த நிலையிலேயே அளவு நாடாவை வைத்துப் பார்த்தேன். அளவு அச்சாக இருந்தது.

அம்மா கையை விட்டார். துணி தன் பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்த்தது. என் தையல் விடவில்லை. ஓரம் மட்டும் இழுத்த நீளத்திலேயே நின்றது.

"என்னாடி இது, பொரிச்ச அப்பளமாட்டம் நெளியுது?"

"இஸ்திரி போட்டா படிஞ்சிடும்."

மற்ற ஜெர்சிகளையும் அப்படியே தைத்து, ஈரத்துணி வைத்து அழுத்தித் தேய்த்தேன். படிந்தது. மறுநாள் ஷீபா போட்டுப் பார்த்துவிட்டு, "சூப்பர்க்கா!" என்றாள். (இதையும் இப்போது யாரும் சொல்வதில்லை.)

இறுதி ஆட்டத்தன்று மைதானத்தில் கையைத் தூக்கிப் பயிற்சி எடுத்து, வியர்த்து, இஸ்திரி கலையும்வரை எல்லாம் நன்றாகவே இருந்தது. பிறகு ஒவ்வொரு பெண்ணுக்கும் இடுப்பைச் சுற்றி ஒரு கொசுவம் எழுந்தது. சட்டைக் கைகள் குடையாக விரிந்தன. எதிரணித் தலைவி சத்தமாக, "ஃப்ராக் தும்ப சென்னாகிதே!" என்றாள். (ஃப்ராக் ரொம்ப நன்றாக இருக்கிறதாம். கன்னடக் கிண்டல் புரியாமல் தப்பிக்கும் பாக்கியம் ஓசூர்க்காரர்களுக்குக் கிடையாது.)

இரண்டு பக்கமும் புள்ளி சமமாகத்தான் ஏறிக்கொண்டிருந்தது. ஷீபா தாழ்வாக வந்த ஒரு பந்தைப் பிடித்தாள். விசில்.

"சட்டை பட்டுடுச்சு," என்றார் நடுவர். ஒரு பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியர்.

நான் கோட்டைத் தாண்டி ஓடினேன். "சார், சட்டை போய் பந்துல படல. பந்துதான் வந்து சட்டையில பட்டுச்சு!"

"ரெண்டும் ஒண்ணுதாம்மா. தள்ளி நில்லு."

"எவ்ளோ பட்டுச்சுன்னு அளந்தீங்களா?"

"நீ யாரும்மா?"

ஷீபா தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்: "டெய்லரு சார்."

பெண்கள் சட்டையைக் கால்சட்டைக்குள் செருகினார்கள். கையை எங்கே செருகுவது? கடைசிப் புள்ளிக்கு, நெஞ்சுக்கு நேராக வந்த பந்தை ஷீபா பாய்ந்து பிடித்தாள். அப்படி ஒரு பிடியை அந்த மைதானத்தில் நான் பார்த்ததில்லை. ஜெர்சியின் கை மெதுவாக இறங்கி, திரைபோலப் பந்தை மூடியது. விசில். ஆட்டம் முடிந்தது.

அவள் என்னைத் திட்டவில்லை. வண்டியில் வரும்போது பின்னாலிருந்து, "நான் நல்லாதானக்கா புடிச்சேன்?" என்று மட்டும் கேட்டாள்.

"நல்லாதான் புடிச்ச."

திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். பதில் சொல்ல இடமே கொடுக்காததுதான் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம்.

மிச்சத் துணியை வைத்துக்கொண்டு, சரியாக வரும்வரை தைத்துப் பார்த்தேன். மழுங்கிய முனை ஊசி போட வேண்டும். நேர்த்தையல் வேண்டாம், சின்னதாக வளைந்து போகும் தையல் வேண்டும். மெஷினின் பாதம் துணியை அழுத்தும் அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். கை வழிகாட்டினால் போதும், துணியை மெஷினே இழுத்துக்கொள்ளும். அம்மா தேவையில்லை. ரப்பர் வளையத்தை இழுத்துப் பிடித்து அளந்து 'சரி' என்று எழுதியவர் எங்கள் பிரிவில் இருந்தால் அன்றைக்கே கிழித்திருப்பேன். அதையேதான் நான் வீட்டில் செய்தேன். கிழிக்க ஆளில்லை.

இப்போது வீட்டில் எது நெளிந்தாலும் என் பெயர்தான். கூரைத் தகரத்தைப் பார்த்தால் அப்பா, "பெரியவ தச்சதா?" என்கிறார். தேன்கனிக்கோட்டை பஸ் வளைவில் திரும்பினால், ரோடு போட்டதும் நான்தான். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரிப்பவர் அம்மா.

ஷீபா பெங்களூர் போகவில்லை. இப்போது கோயில் மைதானத்தில் சின்னப் பெண்களுக்கு த்ரோபால் சொல்லிக்கொடுக்கிறாள். அவர்கள் ஜெர்சியைக் கடையில் வாங்குகிறார்கள். ஆட்டம் பார்க்க நான் போகலாம். நடுவரிடம் பேசக் கூடாது.