கழுத்துப் பொத்தான் வதம்

வாழ்க சுகிர்தம்! பம்பாய் வரை ரயிலேறிப் போய், வருடக்கணக்கில் கண்விழித்துப் படித்து, முடங்கிய கைகளுக்கு மீண்டும் வேலை பழக்கும் வித்தையோடு திரும்பிய வீராங்கனை வாழ்க! ராயபுரத்து ஆஸ்பத்திரி ஒன்றின் பின்வராந்தாவில், துருப்பிடித்த இரும்புக் கட்டில்கள் இருபுறமும் மதிலாக நிற்க, ஒரு மேசையும் இரண்டு முக்காலியும் கூடை முடைய ஒரு கட்டுப் பிரம்புமே நால்வகைப் படையாக, நாளொன்றுக்கு நாற்பது நோயாளிகளை எதிர்கொண்ட தீரமங்கை வாழ்க! ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தாறில் அவள் தொழிலின் பெயர் அவளையன்றிப் பட்டணத்தில் ஒருவருக்கும் தெரியாது. வார்டில் கூடைக்காரம்மா என்றார்கள். பெரிய டாக்டர் பொழுதுபோக்கு செக்‌ஷன் என்றார். பெற்ற தாயோ, விளக்கி மாளாமல், அக்கம்பக்கத்தில் நர்ஸ் என்றே சொல்லிவைத்திருந்தாள்.

எதிரியையும் பாடுவோம். அவன் கிளிஞ்சலில் பிறந்தவன். நான்கு துளைகளையே விழிகளாகக் கொண்ட நாற்கண்ணன். ஆஸ்பத்திரிக் காக்கிச் சட்டையின் கழுத்துப் பட்டையில், தாடைக்குக் கீழே, போட்டிருப்பவன் பார்வை எட்டாத மறைவில் கோட்டை கட்டி வீற்றிருந்தவன். அவனுடைய தம்பியர் நால்வரும் ஆறு வார முற்றுகையில் ஒருவர்பின் ஒருவராகக் காஜாவுக்குள் புகுந்து சரணடைந்துவிட்டார்கள். மூத்தவன் பணியவில்லை.

அவனை வெல்லப் புறப்பட்டவன் முகத்துவாரக்குப்பத்துப் பொன்னுரங்கம். எண்ணூர்க் கழிமுகத்தின் சுழலைக் கட்டுமரத்தில் நின்றபடியே கடந்தவன். கயிற்றுக்கும் மரத்துக்கும் நடுவே இரு கைவிரல்களும் நசுங்கியதால், பிறந்தது முதல் தொட்டறியாத சட்டைப் பொத்தானை நாற்பதாவது வயதில் போடப் பழகுபவன். கழுத்துப் பொத்தான் வரை போட்டால்தான் கை தேறியதாகும் என்று விதித்திருந்தார் பெரிய டாக்டர். அவர் டை கட்டுபவர்.

"எம்மோவ், மீனு முன்னால கழுத்தை மூடிகினு நின்னாத்தான் மாட்டுமா இன்னா?" என்று பொன்னுரங்கம் பலமுறை கேட்டிருக்கிறான். அதற்கு விடை சொல்லும் அதிகாரம் சுகிர்தத்துக்கு இல்லை.

சனிக்கிழமை பதினொரு மணிக்குள் கோட்டை விழ வேண்டும். தவறினால் வராந்தாவே பறிபோகும், மிச்ச இடத்திலும் பழைய கட்டில்களை அடுக்குவார்கள் என்பது டாக்டரின் ஆணை. ஆனால் அந்தத் தோல்வி அவளுக்குத் துயரந்தானா? வண்ணாரப்பேட்டைப் பெண்கள் பள்ளி ஒன்றில் தையல் டீச்சர் வேலை அவளுக்காகக் காத்திருந்தது. அடுத்த வாரமே சேரலாம். அங்கே விரல்கள் சொன்னபடி கேட்கும். டீச்சர் என்றால் எதிர்வீட்டாருக்கும் புரியும். மாலையில் தன் விரல்களையே மடக்க முடியாமல் பஸ்ஸுக்கு நிற்க வேண்டியதில்லை. ஆதலால் அந்தப் பெருமாட்டி, பொன்னுரங்கம் வெல்ல ஒரு ஜெபமும், நாற்கண்ணன் வெல்ல ஒரு ஜெபமும் செய்து, இரண்டுக்கும் ஆமென் சொல்லிவிட்டுக் களம் புகுந்தாள்.

தொடங்கியது போர்! துறைமுகத்து நிலக்கரித் தூசி கருங்கொடியாய்ப் பறக்க, வார்டுக் கட்டில்களில் கட்டுப்போட்ட கால்களும் தலைகளும் எழுந்து நோக்க, பொன்னுரங்கத்தின் பெருவிரல், மதங்கொண்ட யானை வாயிற்கதவை முட்டுவதுபோல் முட்டியது. நாற்கண்ணன் வழுக்கினான். ஆள்காட்டி விரல் பக்கவாட்டில் பாய்ந்தது. நாற்கண்ணன் பட்டைக்குள் பதுங்கினான். வியர்வை ஆறாய் ஓடித் தாடையில் அருவியாய் விழுந்தது.

"வலையில சிக்குன நண்டை நொடில அவுத்துப் போடுவே, இத்துனூண்டு பொத்தானு உன்னைப் பேஜார் பண்ணுதா?" என்றாள் அவன் மனைவி கன்னியம்மா.

"நண்டு கடிச்சா தெரியும். இது கடிக்கவும் மாட்டேங்குது, மாட்டவும் மாட்டேங்குது!"

பொறுக்காமல் கன்னியம்மா கைநீட்ட, "யாரும் தொடக்கூடாது!" என்று முழங்கினாள் சுகிர்தம். உதவாமல் நிற்பதே அவள் தொழிலின் முதல் அறம். அதைவிடக் கொடிய போர் வேறில்லை. அந்தப் பொத்தானை அரைக் கணத்தில் போட்டுவிடத் துடித்த தன் வலக்கையை இடக்கையால் முதுகுக்குப் பின்னே சிறைபிடித்து, கைதியும் காவலாளியும் தானேயாகி அவள் நின்றாள். டாக்டரின் பூட்ஸ் ஒலி போர்முரசென நெருங்கியது. கடிகாரம் பதினொன்று அடித்தது. ஒன்பதாவது அடியில் பட்டை விரிந்தது. பத்தாவதில் விளிம்பு புகுந்தது. பதினொன்றாவதில் நாற்கண்ணன் நான்கு கண்ணும் பிதுங்கக் காஜாவைக் கடந்து வீழ்ந்தான்!

"வெரி குட்," என்றார் டாக்டர். "வராந்தா இப்படியே இருக்கட்டும். நீ வீட்டுக்குப் போகலாம். சட்டையைக் கழற்றி வார்டில் கொடுத்துவிட்டுப் போ."

அவர் போய்விட்டார். வெற்றிவீரனின் விரல்கள் கழுத்தை நோக்கி உயர்ந்தன; கோட்டையை ஒருமுறை வலம்வந்தன; இறங்கின.

"எம்மோவ், கழட்டறதுக்கு நீ சொல்லித் தரலியே?"

வானம் இடிந்தது! ஆறு வாரமாக, ஒவ்வொரு பயிற்சி முடிந்ததும், அடுத்து நிற்கும் நோயாளியின் அவசரத்தில், அவன் போட்ட பொத்தான்களையெல்லாம் சடசடவென்று அவிழ்த்துவிட்டது வேறு யாருமல்ல, உதவாமையே அறமெனக் கொண்ட அந்த உத்தமியேதான்.

"கண்ணு பிதுங்கிகினு கீதும்மா இவுருக்கு! இப்டியேவா வூட்டுக்கு இட்டுனு போவேன்?" என்று அலறினாள் கன்னியம்மா.

அக்கணம் சுகிர்தத்தின் நெஞ்சப் பெருவெளியில், பம்பாயில் கற்ற சாத்திரங்கள் ஒருபுறமும் வண்ணாரப்பேட்டையின் பணிவான சிறுவிரல்கள் மறுபுறமும் தேரேறி எதிர்நிற்க, இனியும் இந்த வராந்தாவில் எத்தனை கழுத்துகளுக்கு எத்தனை வாரம் என்று ஊழே வந்து வினவ, முதுகுக்குப் பின்னிருந்த கைகளிரண்டும் சிறைமீண்டு முன்னால் வந்து அந்தரத்தில் நிற்க, கடற்காற்றும் மூச்சடக்கிக் காத்திருக்க, அவள் கன்னியம்மாவை நோக்கி வாய்திறந்தாள்.

"இன்னிக்கு நீங்களே கழட்டி விடுங்க, திங்கக்கிழமை கூட்டிட்டு வாங்க."