பழைய இரும்பும் நாளைய பரீட்சையும்

அழைப்பு மணிக்குக் கம்பளிக் காலுறை மாட்டி, மேலே பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டிருந்தார் சரந்திஸ். அப்போதுதான் தெருமுனையிலிருந்து அந்தக் குரல் கிளம்பியது.

"பழைய இரும்பேய்ய்ய்! பிரிட்ஜு, வாஷிங் மெஷினு, கேஸ் அடுப்பு, கட்டிலு... எல்லாம் எடுக்கிறோம்மோய்ய்ய்!"

சரந்திஸின் கையிலிருந்த பிளாஸ்திரிச் சுருள் நழுவி, படிப்படியாகத் துள்ளிக் கீழே போய்விட்டது.

மறுநாள் காலை அவர் மகள் கல்லிரோயிக்கு இயற்பியல் பரீட்சை. பல்கலைக்கழகத்துக்குள் நுழைய விடுவதா, வாசலோடு அனுப்புவதா என்று நாடே சேர்ந்து முடிவு செய்கிற பரீட்சை. கப்பல் வடிவமைக்கிற படிப்புத்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள் பெண். பிரேயஸ் துறைமுகத்தில் இருபது வருஷமாகக் கப்பலுக்கு டிக்கெட் கிழித்துக் கொடுக்கிறவர் சரந்திஸ். தான் டிக்கெட் கிழிக்கிற கப்பலைத் தன் மகள் வரைவாள் என்று நினைத்தாலே அவருக்கு டிக்கெட் கோணலாகக் கிழியும்.

இடையில் நின்றது ஒரே ஒரு பாடம்தான். அலைகள், ஒலி, ஒளி. ஒளியில் கல்லிரோயி புலி. ஒலியில் பூனை. மாதிரித் தேர்வுகளில் எல்லாவற்றையும் ஊதித் தள்ளிவிட்டு, ஒலிக் கணக்கு வந்ததும் பேனாவை வைத்துவிட்டு அழுதிருந்தாள்.

மருத்துவமனையில் நர்ஸாக இருக்கும் மனைவி அந்தூலா, வேலைக்குக் கிளம்பும்போது தெளிவாகச் சொல்லியிருந்தாள். "அவ காதுல ஒரு ஈ சத்தம்கூட விழக்கூடாது. விழுந்துச்சு, நான் திரும்பி வர்றப்ப நீ இந்த வீட்டுல இருக்காதே."

ஆகவே முனகுகிற பிரிட்ஜின் வயர் பிடுங்கப்பட்டிருந்தது. உள்ளே அந்தூலா ராத்திரிச் சாப்பாட்டுக்குச் செய்துவைத்த, சோறு அடைத்த தக்காளி மெல்லச் சூடேறிக்கொண்டிருந்தது. சுவர்க் கடிகாரத்தின் பாட்டரி சரந்திஸின் சட்டைப் பையில் இருந்தது. ஒழுகுகிற குழாய்க்கு அடியில் பஞ்சு.

"இரும்பேய்ய்ய்!"

வெயில் காலத்தில் மதியம் மூன்றிலிருந்து ஐந்தரை வரை எங்கள் ஊரில் யாரும் சத்தம் போடக்கூடாது. சட்டம். வருஷம் பூராவும் சுவரில் துளை போடுகிறவன்கூட அந்த நேரத்தில் மனுஷனாகிவிடுவான். இரும்பு வண்டிக்காரர்களும் ஏதாவது மரத்தடியில் வண்டியைப் போட்டுவிட்டுக் குறட்டை விடுவார்கள். இவனுக்கு மட்டும் என்ன கேடு?

சரந்திஸ் நான்காவது மாடிப் பால்கனிக்கு ஓடினார். மகள் காதில் விழாமல், கீழே போகிறவன் காதில் மட்டும் விழும்படி கத்த வேண்டும். அப்படிப்பட்ட கத்தலை இயற்பியல் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

"யோவ்! நிறுத்துய்யா அதை! பொண்ணுக்கு நாளைக்குப் பரீட்சை!"

வண்டி ஜன்னலிலிருந்து தொப்பி போட்ட தலை ஒன்று எட்டிப் பார்த்தது. ஸீசிஸ். எங்கள் பேட்டையின் பாதி இரும்பு அவன் வண்டியில் போனதுதான்.

"தெரியும் சார், தெரியும்! கவலையே படாதீங்க!" என்று கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். பிறகு ஒலிபெருக்கியை இன்னும் கொஞ்சம் கூட்டிவிட்டு, நத்தை வேகத்தில் தெருவைக் கடந்தான்.

"கொழுப்பைப் பாத்தீங்களா!" என்றார் சரந்திஸ் பக்கத்துப் பால்கனியைப் பார்த்து. அங்கே பொலிக்ஸேனியம்மா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். எங்கள் கட்டடத்தில் யோசனை இலவசமாகக் கிடைக்கிற ஒரே வீடு அவளுடையது.

"கத்தினா போக மாட்டான் தம்பி. வண்டி காலியா இருக்கில்ல, அதான் சுத்துறான். எதையாவது கொடுத்து வண்டியை ரொப்பி விடு, தன்னால போயிடுவான்."

"என்னத்தைக் கொடுக்கிறது?"

"உன் பால்கனியில ஒரு வாஷிங் மெஷின் மூணு வருஷமா நின்னுகிட்டே இருக்கே, அதை நீ மியூசியத்துக்கா எழுதி வச்சிருக்கே?"

சரந்திஸ் மகளின் அறைக்கதவில் காதை வைத்தார். உள்ளே சத்தமில்லை.

"பாப்பா, வெளிச் சத்தம் ரொம்பத் தொந்தரவா இருக்கா?"

"அப்பா, பேசாதே! கணக்கு கலைஞ்சிடும்!"

அந்தக் குரலில் இருந்த தவிப்பு சரந்திஸுக்குப் போதும். போய் வாஷிங் மெஷினைக் கட்டிப்பிடித்தார்.

அது லிஃப்டில் நுழையவில்லை. படியில் இறக்கினார். மூன்றாவது மாடி வரை அவர் மெஷினை இறக்கினார். அதற்குப் பிறகு மெஷின் அவரை இறக்கியது. மாடிக்கு மாடி அது இடித்த இடியில் இரண்டாவது மாடி நாய் ஊளையிட, அதைக் கேட்டு எதிர்க்கட்டடத்து நாய்கள் இரண்டும் சேர்ந்துகொண்டன.

தெருவுக்கு வந்து சேர்ந்தபோது ஸீசிஸின் வண்டி திரும்ப வந்துகொண்டிருந்தது. சரந்திஸ் இரண்டு கையையும் ஆட்டினார். வழக்கமாக ஊர்ந்து வருகிற வண்டி, இந்தத் தடவை என்ன வந்ததோ, "இரும்பே" என்று அவரைத் தாண்டி, "ய்ய்ய்" என்று மூலையில் திரும்பி மறைந்துவிட்டது.

"ஓடுறான் பாருங்க! ஏத்திக்கக்கூட நிக்கல!"

நடைபாதையில் அநாதையாக நின்ற மெஷினைப் பால்கனிகள் எல்லாம் பார்த்துவிட்டன. ஒருவர் ஓசியில் எதையாவது கழிக்கிறார் என்றால் நாங்கள் சும்மா இருப்போமா? முதலில் ஒரு கட்டில் இறங்கியது. அப்புறம் இரண்டு கேஸ் அடுப்பு, ஒரு துருப்பிடித்த சைக்கிள், வெடித்த பாய்லர். நான் முதல் மாடிக்காரன். படிக்கிற பிள்ளைக்காக மூச்சைக்கூட அடக்கிப் படுத்திருந்தவன்தான். ஆனாலும் எழுந்து, பிடி உடைந்த இஸ்திரிப் பெட்டியோடு ஓடினேன். என் மாதிரி நல்லவர்களால்தான் உலகத்தில் பாதித் தொல்லை.

"அண்ணே, வண்டி எப்ப வரும்?" என்று எல்லோரும் சரந்திஸைக் கேட்டார்கள்.

"மெதுவா! மெதுவாப் பேசுங்க! புள்ள படிக்குது!" என்று அவர் கத்தினார். அப்போது தெருவில் எல்லோரையும் விட அதிகமாகக் கத்தியது அவர்தான்.

தூரத்தில் மறுபடியும் "பழைய இரும்பேய்ய்..."

சரந்திஸின் கண்கள் குவியலின் மேல் விழுந்தன. அடுத்த நிமிஷம் அவர் வாஷிங் மெஷினைத் தெருவின் நடுவே உருட்டினார். கட்டிலை அதன்மேல் சாய்த்தார். பாய்லரை இந்தப் பக்கம், அடுப்புகளை அந்தப் பக்கம்.

"என்ன பண்றே தம்பி?" என்றாள் மேலிருந்து பொலிக்ஸேனியம்மா.

"அணை கட்டுறேன்! இனிமே எப்படி வர்றான்னு பாக்கிறேன்!"

"சபாஷ்! அந்த சைக்கிளையும் சொருகு!"

இரும்பு வண்டி வந்து அணைக்கு முன்னால் நின்றது. அதன் பின்னால் ஒரு டாக்ஸி. அதன் பின்னால் ரொட்டிக்கடை வேன். அப்புறம் ஏழெட்டுக் கார்கள். எங்கள் ஊரில் ஓட்டுநர் உரிமம் வாங்கக் காலும் கண்ணும் முக்கியமில்லை, ஹாரன் அடிக்கிற கை இருந்தால் போதும்.

பாம்... பீப்... பாஆஆம்!

"எடுய்யா கட்டிலை!" என்றான் டாக்ஸிக்காரன். "நடுரோட்டுல குடித்தனம் பண்றியா?"

"ஹாரன் அடிக்காதே! பரீட்சை!"

"எனக்கு என்னய்யா பரீட்சை?"

நாய்கள், ஹாரன்கள், ஒலிபெருக்கி, இத்தனைக்கும் நடுவில் யாரோ போலீசுக்குப் போன் செய்ய, அவர்கள் பங்குக்குச் சைரனோடு வந்தார்கள். சுவர்கள் அதிர்ந்தன. இயற்பியல் புத்தகத்தில் இருக்கிற எல்லா அலைகளும் அன்று எங்கள் தெருவுக்கு விருந்தாட வந்திருந்தன.

நான்காவது மாடிப் பால்கனியில் கல்லிரோயி வந்து நின்றாள். ஒரு கையில் போன். இன்னொரு கையை விசிறி விசிறி ஆட்டி என்னவோ கத்தினாள். ஒரு சொல்லும் கீழே வந்து சேரவில்லை. குதித்தாள். தலையில் அடித்துக்கொண்டாள்.

மகளின் பரிதவிப்பைப் பார்த்து சரந்திஸின் மனசு கரைந்தது. கைகளைக் குவித்துக் கத்தினார்.

"பயப்படாதே பாப்பா! அவனை அப்பா நிறுத்திட்டேன்! இனிமே ஒரு சுத்துகூட வர மாட்டான்!"

அவள் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

"ஆனந்தக் கண்ணீர்" என்றார் சரந்திஸ் என்னிடம். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. எனக்கும் மூக்கு விடைத்தது. இஸ்திரிப் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டேன்.

போலீஸ்காரர் முதலில் சைரனை நிறுத்தினார். பிறகு ஹாரன்களை. பிறகு ஸீசிஸின் வண்டிக்குள் கையை விட்டு ஒலிபெருக்கியின் வயரைப் பிடுங்கினார். நாய்கள்கூட ஓய்ந்தன. அந்தூலா கேட்ட அதே அமைதி. சரந்திஸ் நெஞ்சை நிமிர்த்தி, வாஷிங் மெஷின்மேல் ஒரு காலை வைத்து நின்றார்.

"இவர்தான் சார் சட்டத்தைக் காப்பாத்தினது" என்றாள் பொலிக்ஸேனியம்மா மேலிருந்து.

போலீஸ்காரர் ஸீசிஸைக் கீழே இறக்கினார். "ஏன்யா, ஊரே தூங்குற நேரம். மூணு மணியிலேர்ந்து இந்த ஒரே தெருவைச் செக்குமாடு மாதிரி சுத்திக்கிட்டிருக்கே. உனக்கு மூளை கீளை இருக்கா?"

ஸீசிஸ் தொப்பியைக் கழற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டான்.

"நானா சார் ஆசைப்பட்டுச் சுத்துறேன்? அதோ மேல நிக்குதே, அந்தப் பொண்ணுதான் மத்தியானம் ரொட்டிக்கடை வாசல்ல என்னைப் பிடிச்சு, 'அண்ணே, சத்தம் கிட்ட வந்தா குரல் ஏறுமாம், தாண்டிப் போனா இறங்குமாம், எத்தனை தடவை படிச்சாலும் மண்டையில ஏறல, தெரு அமைதியா இருக்கிறப்ப ஒரு சுத்து மெதுவா, ஒரு சுத்து வேகமா, மாத்தி மாத்தி வந்து காட்டுங்க, நான் மாடியிலேர்ந்து போன்ல அளந்துக்கிறேன்'னு அழுதுச்சு. கடைசி வேகச் சுத்து ஒண்ணுதான் சார் பாக்கி, எவனோ ஒரு படிக்காத முட்டாள் குறுக்க போட்டிருக்கிற இந்தக் குப்பையை மட்டும் கொஞ்சம் எடுக்கச் சொல்லுங்க!"