கல்யாண பேனரில் போட்ட சாவி

காசு கொடுத்து வாங்கிய பொருள் நமக்குச் சொந்தமில்லை என்று எவனாவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் உச்சி மண்டை சூடாகிவிடும். அந்தச் சூட்டில் என் கல்யாணமே நிற்கப் பார்த்தது. ஆனாலும் சொல்கிறேன், தப்பு என் மேல் இல்லை.

2007. கடலூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். டிவிடியைவிடப் பல மடங்கு துல்லியமாகப் படம் காட்டும் புதுத் தட்டுகள் அப்போதுதான் வந்திருந்தன. அதிலும் இரண்டு கட்சி. எச்.டி. டிவிடி என்று ஒன்று, ப்ளூ-ரே என்று ஒன்று. ஒன்றின் தட்டு மற்றதில் ஓடாது. எது ஜெயிக்கும் என்று மாணவர்கள் கேட்டால், நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தவன் போல, “எச்.டி. டிவிடிதான், சந்தேகமே வேண்டாம்” என்பேன். (இந்த வரியைப் படித்ததும் மறந்துவிடுங்கள்.)

என் நண்பன் அன்வர் பரங்கிப்பேட்டைக்காரன். கடலூரில் ஃப்ளெக்ஸ் பேனர் அடிக்கும் கடை வைத்திருந்தான். துபாயிலிருந்து லீவில் வந்த அவன் அண்ணன் மூலமாக ஒரு எச்.டி. டிவிடி டிரைவும் ஒரே ஒரு படத் தட்டும் வரவழைத்தேன். என் சேமிப்பு மொத்தமும் அதில் போனது. கம்ப்யூட்டரில் மாட்டினால் படம் வரவில்லை, ஒரு அறிவிப்பு வந்தது. என் மானிட்டர் அங்கீகாரம் பெற்றது இல்லையாம். அதன் வழியாக நான் படத்தைத் திருடிவிடக்கூடுமாம். அதனால் காட்டாதாம். என் காசு, என் தட்டு, என் மானிட்டர். என் வீட்டுக்குள் வந்து என்னையே சந்தேகப்பட இவன் யார்?

இந்தக் கொதிப்பில் இருந்தபோதுதான், அந்தத் தட்டுகளில் கம்பெனிக்காரன் போட்ட ரகசியப் பூட்டை யாரோ உடைத்துச் சாவியை எடுத்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது. சாவி என்பது எண்களும் ஆங்கில எழுத்துகளும் கலந்த ஒரு நீள வரி, அவ்வளவுதான். அதை இணையத்தில் வெளியிட்டவர்களுக்கு வக்கீல் நோட்டீஸ் போனது. ஒரு எண்ணை எழுதக் கூடாது என்று நோட்டீஸ் விடுகிறான் ஐயா! கோபக்காரர்கள் அதைச் சட்டையில் அச்சடித்துப் போட்டுக்கொண்டார்கள். எனக்கு அந்த வைகாசியில் சிதம்பரத்தில் கல்யாணம். சட்டை எதற்கு? நம்மிடம் பேனர் இருக்கிறது.

கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம், தெற்கு வீதியில் மண்டப வாசலை அடைத்துக்கொண்டு அன்வரின் பேனர் நின்றது. நானும் அமுதாவும் ஆளுயரத்துக்குச் சிரித்தோம். வாழ்த்தும் நண்பர்கள் கறுப்புக் கண்ணாடியோடு வரிசையாக நின்றார்கள். அடியில் கொட்டை எழுத்தில், சிவப்பு நிறத்தில், சாவி. அதைப் பார்த்து எனக்குப் புல்லரித்தது. (பக்கத்தில் இருந்த அமுதாவின் படத்தைச் சரியாகக்கூடப் பார்க்கவில்லை.)

அமுதாவுக்கு அப்பா இல்லை. பெரியப்பா வைத்ததுதான் சட்டம். அவர் தன் பெயரில் கூடுதலாக ஒரு எச் சேர்த்த பிறகுதான் பதவி உயர்வு வந்தது என்று நம்புகிறவர். பேனரை அண்ணாந்து பார்த்தவர் என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

“மாப்ள, இது என்ன நம்பரு?”

“சாவி, மாமா.”

“எந்த வூட்டு சாவி?”

“வூட்டு சாவி இல்ல மாமா. படத் தட்டுல கம்பெனிக்காரன் பூட்டு போட்டிருக்கான். அதுக்கு.”

“கம்பெனிக்காரன் சாவி ஒங்க கைக்கு எப்புடி வந்துச்சி?”

“ஒருத்தர் ஒடச்சி எடுத்துட்டாரு. இப்ப எல்லார்கிட்டயும் இருக்கு.”

எப்படிச் சொன்னாலும் அது திருட்டுக் கதையாகவே வந்தது. பெரியப்பா மேற்கொண்டு கேட்கவில்லை. ஒரு கல்யாணப் பத்திரிகையைத் திருப்பி, பேனாவை எடுத்து, எண்களை மட்டும் வரிசையாகக் கூட்டினார். முகம் இருண்டது.

“ஏழு. கேது. குடும்பம் தங்காது.”

நான் சும்மா இருந்திருக்கலாம். வாத்தியார் புத்தி விடவில்லை. “அப்புடிக் கூட்டக் கூடாது மாமா. அந்தக் கணக்குல எழுத்தும் எண்ணுதான். ஏ-ன்னா பத்து, எஃப்-ன்னா பதினஞ்சு” என்று விளக்கினேன். அவரும் பொறுமையாக எல்லாவற்றையும் சேர்த்து மறுபடி கூட்டினார்.

மறுபடியும் ஏழு.

(நம்பாதவர்கள் கூட்டிப் பாருங்கள். நான் கூட்டாத நாளில்லை.)

கட்டிய பேனரைத் தாலி கட்டுவதற்கு முன் இறக்குவது அபசகுனமாம். அதனால் பெரியப்பாவே பரிகாரமும் சொன்னார். “கடைசில ஒரு ரெண்டு சேத்துடுங்க. ஒம்போது வந்துடும். இல்லன்னா பொண்ண அனுப்ப எனக்கு மனசு வராது.”

“ரெண்டு சேத்தா பூட்டு தொறக்காது மாமா” என்றேன். உலகத்துப் பூட்டுடைப்பவர்கள் எல்லாம் நாளைக் காலை சிதம்பரத்தில் ரயிலிறங்கி, தெற்கு வீதிக்கு வந்து, தப்பான சாவியைப் பார்த்து என்னைக் காறித் துப்புவார்கள் என்றே நம்பினேன். முடியாது என்று சொல்லிவிட்டேன்.

அம்மா ஓடி வந்தாள். “ஏன்டா, ஒனக்கு பொண்ணு வேணுமா, நம்பரு வேணுமா?”

நான் யோசித்தேன். அந்த யோசனையை யாரோ மாடிக்குப் போய் அமுதாவிடம் சொல்லிவிட்டார்கள். என் செல்போன் அடித்தது.

“ஏங்க, ரெண்டு சேத்தா ஒங்க பூட்டு தொறக்காதாமே?”

“ஆமா அமுதா, நீயாவது புரிஞ்சிக்கிட்டியே...”

“சேக்கலன்னா இந்த ரூம் கதவும் தொறக்காது. நான் உள்ளதான் இருக்கேன்.”

வைத்துவிட்டாள்.

அன்வர் ஏணியில் ஏறி ஒரு சிவப்பு ஸ்டிக்கர் இரண்டை ஒட்டினான். “மச்சான், சைஸ் கொஞ்சம் ஜாஸ்தி ஆயிடுச்சி” என்று மேலிருந்து சொன்னான். மற்ற எழுத்துகளெல்லாம் அதற்குக் குழந்தைகள் போல இருந்தன. வாசலில் எடுத்த எல்லாப் போட்டோவிலும் எங்கள் தலைக்கு மேல் அந்த இரண்டு உட்கார்ந்திருக்கிறது. தாலி கட்டிய பிறகும் கொஞ்ச நேரம் எனக்கு அழுகை வரும் போலத்தான் இருந்தது. ஆனந்தக் கண்ணீர் என்று வீடியோக்காரர் கிட்டே வந்து எடுத்துக்கொண்டார்.

அடுத்த மாசியில் எச்.டி. டிவிடி தோற்று, கடையை மூடிக்கொண்டு போனது. பெரியப்பாவுக்குச் சேதி எட்டியது. “பாத்தீங்களா மாப்ள, ரெண்டு சேக்காத நம்பரு ஒரு வருசம் தாங்கல” என்றார். வாதாடலாம் என்றால், கல்யாணம் தாங்கிவிட்டதே!

இன்றும் எங்கள் வீட்டில் ஏ.டி.எம். கார்டு முரண்டு பிடித்தாலும், பீரோ இறுகிக்கொண்டாலும், யாராவது ஒருவர் “ரெண்டு சேத்துப் பாருங்க” என்று சொல்லாமல் இருப்பதில்லை. போன மாதம் வைஃபை பாஸ்வேர்டு என்ன போட்டும் ஏற்கவில்லை. அமுதா அடுப்படியிலிருந்து அதையேதான் சொன்னாள். இந்த மூடத்தனத்துக்கு ஒரு முடிவு கட்ட வேண்டும் என்று, அவள் கண்ணெதிரிலேயே கடைசியில் ஒரு இரண்டைச் சேர்த்தேன்.

திறந்துவிட்டது. மாற்றி வைத்தது யாராக இருக்கும் என்று நான் கேட்கவில்லை. நீங்களும் தயவுசெய்து பெரியப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள்.