தையல் கூடத்தை மதிப்பிட்டு மாப்பிள்ளைக்கு மாமா எழுதியது

வெள்ளிக்கிழமை, பிற்பகல்

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமா எழுதிக்கொள்வது. இங்கே நான் சௌகரியமாக இருக்கிறேன். முழங்கால் மட்டும் தன் இஷ்டப்படி இருக்கிறது. அங்கே நீங்களும் மகளும் பேத்தியும் சுகமாகத்தான் இருப்பீர்கள் என்று நானே முடிவு செய்துகொண்டு விஷயத்துக்கு வருகிறேன். இதையெல்லாம் தொலைபேசியில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். மூன்று தடவை கூப்பிட்டேன். மூன்று தடவையும் மீட்டிங்கில் இருப்பதாகச் சொன்னீர்கள். கடிதம் என்றால் மீட்டிங் முடியும்வரை மேசைமேல் பொறுமையாகக் கிடக்கும் அல்லவா, அதனால் எழுதுகிறேன்.

வழக்கமாக இந்த வேலைக்குப் போகிற பெண் பிரசவ விடுப்பில் போய்விட்டாள் என்பதற்காக, அகதிகளுக்கும் உள்ளூர் மக்களுக்குமான வாழ்வாதார, பாதுகாப்புத் திட்டத்தை மதிப்பிட, ஓய்வுபெற்ற ரயில்வே டிக்கெட் பரிசோதகரை அனுப்பும் துணிச்சல் உங்களுக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. நான் வீட்டில் உட்கார்ந்து உங்கள் அத்தையின் உயிரை வாங்குவதைவிட இது மேல் என்று மகள் சொல்லியிருப்பாள். இருக்கட்டும். நீங்கள் கொடுத்த பட்டியலைப் பார்த்து, அதில் முதலில் இருந்த தையல் கூடத்துக்குத் திங்கள்கிழமை காலை ஒன்பது மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். பெயின்ட் கடைக்குப் பின்பக்கம், படியேறி மேலே போனால் நீளமான ஒரு கூடம், ஒன்பது தையல் இயந்திரங்கள், நடுவில் துணி வெட்டும் மேசை, பதினான்கு பெண்கள். ஆறு பேர் அகதிகள், எட்டுப் பேர் உள்ளூர்க்காரர்கள். மருத்துவமனை நோயாளிகளுக்கான நீல அங்கி தைத்துக்கொண்டிருந்தார்கள். மரியாதையாக இருக்கட்டும் என்று பழைய கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு போனதுதான் நான் செய்த முதல் தவறு. உள்ளே நுழைந்ததும் ஒன்பது இயந்திரங்களும் ஒரே நேரத்தில் நின்றுபோயின. யாரோ கைது செய்ய வந்திருக்கிறார் என்று நினைத்தார்களாம். நான் அலுவலகத்தின் பெயரைச் சொல்லி, திட்டத்தைப் பற்றிச் சில கேள்விகள் கேட்க வந்திருக்கிறேன் என்றதும் தங்களுக்குள் ஒரு பார்வை பரிமாறிக்கொண்டார்கள். பிறகு எனக்கு நாற்காலி வந்தது, தேநீர் வந்தது, மின்விசிறி என் பக்கம் திரும்பியது.

இரண்டாவது தவறு என்னுடையதல்ல, நீங்கள் கொடுத்தனுப்பிய அந்தக் கணினிப் பலகையுடையது. எழுத்து பொடியாக இருக்கிறதே என்று விரலால் பெரிதாக்கப் போனேன். அது என்னை அறுபத்து மூன்று வயதுப் பெண் பயனாளி என்று பதிந்துகொண்டு, நான் தற்போது பாலூட்டும் தாயா என்று கேட்டது. இல்லை என்று அழுத்தத்தான் போனேன், மாப்பிள்ளை. விரல் ஆமாம் மேல் விழுந்துவிட்டது. அதற்குப் பிறகு குழந்தையின் எடை, தடுப்பூசி, தூக்கம் என்று பதினாறு கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லாமல் அது என்னை வெளியே விடவில்லை. உங்கள் அலுவலகத்துக்கு வந்திருக்கும் முதல் பதிவில் மூன்று கிலோ எடையில் ஒரு குழந்தை இருந்தால் அது என் குழந்தைதான், தயவுசெய்து நீக்கிவிடவும். மகளுக்குத் தெரிய வேண்டாம். அதன்பின் பலகையைப் பைக்குள் வைத்துவிட்டுக் காகிதத்தில் எழுத ஆரம்பித்தேன்.

பதில்கள் வந்தன பாருங்கள், அப்படியொரு திட்டத்தை நான் கேள்விப்பட்டதே இல்லை. பயிற்சி கிடைத்ததா, கிடைத்தது. எத்தனை நாள், பத்து நாள். யார் நடத்தினார்கள், தாடி வைத்த சார். எப்படி இருந்தது, ரொம்ப நன்றாக இருந்தது. பாதுகாப்பாக உணர்கிறீர்களா என்று கேட்டேன். பாதுகாப்பு என்றால் உங்கள் அலுவலகத்தில் என்ன அர்த்தமோ, நான் தாழ்ப்பாளைத்தான் நினைத்தேன். அவர்களும் தாழ்ப்பாளைக் காட்டினார்கள். இயந்திரங்களில் திட்டத்தின் பெயர் ஒட்டவில்லையே, வாசலில் பலகை இல்லையே என்று சொன்னேன். மதியத்துக்குள் ஒரு துணியில் பெயின்டால் திட்டத்தின் பெயரை எழுதித் தொங்கவிட்டுவிட்டார்கள், எழுத்துப் பிழை இல்லாமல். நான் அசந்துபோனேன். ஆனால் ஒன்று. முப்பத்தொரு வருஷம் பெட்டி பெட்டியாக நடந்தவன் நான். ஒரு பெட்டியில் இருக்கிற பதினான்கு பேரும் ஒரே பதிலை ஒரே மாதிரி சிரித்துக்கொண்டு சொன்னால் எங்கேயோ ஒரு டிக்கெட் குறைகிறது என்று அர்த்தம்.

அது எங்கே என்று படிவத்தின் இருபத்திரண்டாம் கேள்வியில் தெரிந்தது. அடையாள அட்டையைப் பார்த்து எண்ணைக் குறிக்கவும் என்றிருந்தது. உள்ளூர்ப் பெண்கள் எட்டுப் பேரும் எடுத்துக் காட்டினார்கள். அகதிப் பெண்கள் ஆறு பேருக்கும் அட்டை வீட்டில் இருக்கிறதாம். அவர்களில் மூத்தவரை எல்லோரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறார்கள்; தன் ஊரில் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவராம். மெலிந்த தேகம், பேச்சு அளந்து வரும். அவரும் வீட்டில் என்றுதான் சொன்னார், ஆனால் என் முகத்தைப் பார்க்காமல் ஊசியைப் பார்த்துச் சொன்னார். ‘டிக்கெட் அவர்கிட்ட இருக்கு, அவர் அடுத்த பெட்டியில இருக்கார்’ என்று என்னிடம் சொன்னவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள், மாப்பிள்ளை. எல்லோரும் என் முகத்தைத் தவிர்த்து வேறெதையாவது பார்த்துத்தான் சொல்வார்கள். இவர்களிடம் அட்டையே இல்லை என்று முடிவு கட்டினேன். அதுதான் மூன்றாவது தவறு, எல்லாவற்றிலும் பெரிய தவறும் அதுதான்.

செவ்வாய்க்கிழமை இதை எப்படிக் கேட்பது என்று யோசித்துக்கொண்டே படியேறியபோது கதவுக் கொக்கியில் மாட்டிக் கால்சட்டை இடுப்பிலிருந்து முழங்கால் வரை கிழிந்தது. அந்தக் கூடத்தில் துணி வெட்டுகிற அம்மாள் ஒருத்தி இருக்கிறாள், உள்ளூர்க்காரி, கழுத்தில் எந்நேரமும் கத்தரிக்கோல் தொங்குவதால் பெயரே கத்தரி. குரலும் அதற்கேற்ற மாதிரிதான். டீச்சரோடு தினமும் ஒரு சண்டை; துணியின் ஓரம் பிரியாமல் தைக்கிற ஓவர்லாக் இயந்திரம் யாருக்கு முதலில் என்று. அவள் கிழிசலைப் பார்த்தாள். ஒரு நீல அங்கியை எடுத்து என்னிடம் வீசினாள். திரைக்குப் பின்னால் போய் மாற்றிக்கொண்டு வந்தேன். அந்த அங்கிக்கு முதுகில் நாடா மட்டும்தான் உண்டு என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு, ஒரு நோயாளி போல, கையில் வினாப்படிவத்துடன் உட்கார்ந்திருந்தேன். ஒருத்தி சிரிக்க ஆரம்பித்தாள், பிறகு எல்லோரும் சிரித்தார்கள், கொஞ்ச நேரத்தில் நானும் சிரித்தேன். என் கால்சட்டையை டீச்சர்தான் தைத்தார். தைத்துக்கொண்டே, நான் எதுவும் கேட்காமலே, தணிந்த குரலில் சொன்னார்.

“அட்டை வீட்ல இல்ல சார். கீழ கடைக்காரர்கிட்ட இருக்கு. ஆறு பேரோடதும்.”

பெயின்ட் கடைக்காரர்தான் கட்டடத்தின் சொந்தக்காரர். கூடத்தை வாடகைக்கு விட்ட அன்று, வெளியூர்க்காரர்கள் ஆயிற்றே, சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டால் யாரைப் பிடிப்பது என்று ஆறு பேரின் அகதி அட்டைகளையும் வாங்கி வைத்துக்கொண்டாராம். பதினோரு மாதமாகிறது. அட்டையில்லாமல் பேருந்தில் ஏறி நகரத்துக்குப் போக முடியாது, வழியில் சோதிப்பார்கள். மருத்துவமனையில் சீட்டுப் போட மாட்டார்கள். ஒரு பெண் நான்கு நாள் காய்ச்சலோடு மாத்திரையை விழுங்கிக்கொண்டு அங்கி தைத்திருக்கிறாள், நோயாளிகளுக்கு. வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு டீச்சரின் அட்டையைப் புதுப்பிக்கும் நாள். அசலைக் கொண்டுபோய்க் காட்டாவிட்டால் அது செல்லாது. இரண்டு தடவை கேட்டுப் பார்த்தாராம். அப்புறம் பார்க்கலாம் என்றாராம் கடைக்காரர். மூன்றாவது தடவை கேட்டால் கோபித்துக்கொண்டு கூடத்தைக் காலி செய்யச் சொல்லிவிடுவாரோ என்று பயம். கூடம் போனால் ஆறு பேருக்கு மட்டுமா போகும், எட்டு உள்ளூர்ப் பெண்களுக்கும்தான் பிழைப்புப் போகும். அதனால் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார்கள். நான் இவர்களைப் பார்த்து டிக்கெட் இல்லாதவர்கள் என்று நினைத்தேன். அந்த அங்கிக்குள் எனக்கு ரொம்பக் கூச்சமாகிவிட்டது, நாடா அவிழ்ந்ததால் அல்ல.

மேசையில் துணி வெட்டும் சத்தம் நின்றிருந்தது. கத்தரி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். உள்ளூர்ப் பெண்களில் ஒருத்திக்கும் இந்த விஷயம் அதுவரை தெரியாது. கத்தப் போகிறாள் என்று நான் காதைத் தயார் செய்துகொண்டேன். அவள் கத்தவில்லை.

“பதினோரு மாசமா ஒரே மேசையில உக்காந்து சாப்பிடுறோம். ஓவர்லாக்குக்கு அவ்ளோ பேசுற, இத ஒரு வார்த்த சொல்லலையே டீச்சர்” என்றாள்.

டீச்சர் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். “சொன்னா நீ சும்மா இருக்க மாட்ட” என்றார்.

அது உண்மை. அடுத்த பத்து நிமிஷத்தில் நாங்கள் பதினைந்து பேரும் பெயின்ட் கடையில் நின்றோம். நான் கால்சட்டையோடுதான், கவலைப்பட வேண்டாம். கத்தரி தன் அடையாள அட்டையை எடுத்துக் கல்லாமேசைமேல் வைத்தாள். அவள் பின்னால் நின்ற ஏழு பேரும் ஒவ்வொருவராக வைத்தார்கள். கடைக்காரர் பாவம், வண்ண அட்டையைக் காட்டி யாருக்கோ சுண்ணாம்பு வெள்ளைக்கும் பால் வெள்ளைக்கும் வித்தியாசம் சொல்லிக்கொண்டிருந்தார்.

“எங்களோடதையும் வாங்கி வச்சுக்கோங்கண்ணே. நாங்களும் ஓடிப் போயிடப் போறோம்.”

“நீங்கல்லாம் இந்த ஊருக்காரங்கம்மா. உங்களோடது எனக்கு எதுக்கு?”

“ஊருக்காரங்க ஓட மாட்டாங்கன்னு யார் சொன்னா? என் வீட்டுக்காரர் ஓடிப் போயி ஏழு வருஷம் ஆச்சு.”

கடைக்காரர் என்னைப் பார்த்தார். கறுப்புக் கோட்டைப் பார்த்தார். எனக்கு எந்த அதிகாரமும் இல்லை என்பது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. ஆனாலும் பொய் சொல்ல மனம் வரவில்லை. உள்ளதைச் சொன்னேன். “முப்பத்தொரு வருஷம் டிக்கெட் பார்த்தவன்யா நான். வாங்கணும், பாக்கணும், திருப்பிக் கையில குடுக்கணும். அவ்ளோதான். ஒருத்தர் டிக்கெட்டக்கூட நான் வீட்டுக்கு எடுத்துட்டுப் போனதில்ல.”

அவர் கெட்டவர் இல்லை, மாப்பிள்ளை. கொஞ்ச நேரம் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே போய் ஒரு பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்தார். மூடி துருவேறி இறுகிக் கிடந்தது. பெயின்ட் டப்பா திறக்கும் கம்பியால் நெம்பித்தான் திறக்க முடிந்தது. ஆறு அட்டைகளும் தனித்தனிப் பிளாஸ்டிக் உறையில், புத்தம் புதிதாக. ஒவ்வொருவர் கையிலும் அவரே கொடுத்தார். டீச்சர் வாங்கி, தன் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இடுப்பில் செருகிக்கொண்டார். தூசி படாமல் பாதுகாத்தேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள் சார் என்றார் கடைக்காரர். பாதுகாப்பு என்ற தலைப்பின் கீழ் எழுதியிருக்கிறேன். கூடத்தைக் காலி செய்யும்படி அவர் சொல்லவில்லை. மறுநாள் படிக் கதவின் கொக்கியை மட்டும் பிடுங்கிவிட்டுப் புதிது வைத்தார்.

வியாழக்கிழமை டீச்சருக்குத் துணையாகக் கத்தரி போனாள். வழியில் சோதனைச் சாவடியில் கேட்டார்கள், காட்டினார்கள், விட்டார்கள். புதுப்பித்த அட்டையோடு சாயங்காலம் திரும்பி வந்தபோது இருவரும் ஏதோ சண்டை போட்டுக்கொண்டுதான் படியேறினார்கள். காய்ச்சல்காரப் பெண்ணும் மருத்துவமனைக்குப் போய்ச் சீட்டுப் போட்டு மருந்து வாங்கி வந்துவிட்டாள்.

ஆகவே என் முடிவான மதிப்பீடு: திட்டம் மகத்தான வெற்றி. அகதிகளும் உள்ளூர்க்காரர்களும் இப்படி ஒன்றாயிருப்பதற்கு அந்தப் பத்து நாள் பயிற்சிதான் காரணம் என்று நினைக்கிறேன். தாடி வைத்த சாருக்கு என் பாராட்டுகளைத் தெரிவியுங்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றாறு போட்டிருக்கிறேன், பெயர் ஒட்டாததற்காக நான்கு குறைத்தேன். என்னை இத்தோடு விட்டுவிடவும். உங்கள் அத்தையிடம் இனிமேல் நான் வீட்டிலேயே இருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். நீங்கள் எல்லோரும் குறைவில்லாமல் வாழ வேண்டும், பேத்திக்குப் பல் முளைக்கிற வலி தெரியாமல் போக வேண்டும், உங்கள் மீட்டிங்குகள் குறைய வேண்டும். அத்தனைக்கும் என் மனப்பூர்வமான ஆசிகள்.

இப்படிக்கு,
உங்கள் மேல் மாறாத அன்புள்ள
மாமா

பின்குறிப்பு: கடிதத்தை மடித்து உறையில் போடும்போது பட்டியலையும் சேர்த்து அனுப்பலாமே என்று எடுத்தேன். மாப்பிள்ளை, அதற்கு இரண்டு பக்கம் இருக்கிறது. திட்டத்தில் சேர்ந்தவர்கள் ஒரு பக்கம். போன வருஷம் விண்ணப்பித்துக் கிடைக்காமல் போனவர்களின் காத்திருப்புப் பட்டியல் மறுபக்கம். நான் போனது மறுபக்கம். கூடத்துக்கு ஓடிப்போய்க் கேட்டேன். பயிற்சியும் இல்லை, தாடியும் இல்லை. இயந்திரங்கள் அவரவர் வீட்டிலிருந்து தூக்கிவந்தவை. நான் திட்டத்துக்குப் புதிதாக ஆள் எடுக்க வந்திருக்கிறேன், எதைக் கேட்டாலும் ஆமாம் என்று சொல்லிவிடுவோம் என்று என்னைப் பார்த்த அந்த ஒரு நிமிஷத்தில் முடிவு செய்தார்களாம். மேலே எழுதியதில் அட்டை விஷயத்தைத் தவிர மற்றதெல்லாம் தள்ளுபடி. உங்கள் திட்டத்துக்குத் தொண்ணூற்றாறு அல்ல, இன்னும் ஒன்றுமே போடவில்லை. திங்கள்கிழமை பட்டியலின் முன்பக்கத்தில் இருக்கும் இடத்துக்குப் போகிறேன். அத்தையிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். கத்தரியும் டீச்சரும் அரை நாள் விடுப்புப் போட்டுக்கொண்டு என்னோடு வருகிறார்கள். உதவி கிடைத்த இடம் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமாம்.